சுண்டில் என்ன இருக்கிறது?

(வீட்டிலிருந்தே பலகாரம் செய்து விற்கும் பெண்களுக்காக, ஓய்வுபெற்ற மனைப்பொருளியல் ஆசிரியை ஒருவர் ஜிந்துப்பிட்டியில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



மேசையில் இருக்கிற சாமான்களைப் பார்த்துவிட்டு, ஏதோ செய்து காட்டிச் சாப்பிடத் தரப்போகிறேன் என்று முன்வரிசையில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. அடுப்பு கொண்டுவரவில்லை. ஒரு தராசு, அரிசி அளக்கிற ஒரு சுண்டு, ஒரு பழைய டின்பால் பேணி, கொஞ்சம் அரிசி, சீனி, கோதுமை மா, ஒரு போத்தல் தண்ணீர். இவ்வளவுதான் இருக்கிறது. பசியோடு வந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன தீபாவளிக்கு இரண்டு நாளைக்கு முன் ரொறன்ரோவிலிருந்து என் தம்பி மகள் தொலைபேசி எடுத்தாள். பயத்தம் பணியாரம் செய்யப் போகிறாளாம். நான் எழுதிக் கொடுத்த தாள் கையில் இருக்கிறது.

"ஒரு சுண்டுன்னா எத்தனை கிராம் அத்தை?"

"சுண்டுல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லை. சும்மா சுண்டு."

"சும்மா சுண்டுன்னா தகரத்தோட நிறைதான்."

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. நான் பகிடி பண்ணுகிறேன் என்று நினைத்தாள். பகிடியே இல்லை. அவள் கேட்ட கேள்விக்கு அதைத் தவிர வேறு பதில் கிடையாது. அன்றிரவு அதை அவளுக்கு விளங்கப்படுத்த முடியாமல் போனதைத்தான் இன்றைக்கு உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

இந்த மண்டபத்திலிருந்து இறங்கி நடந்தால் சில நிமிடத்தில் செட்டியார் தெரு. அங்கே ஒரு நகைக்கடைக்குள் போய்ப் பாருங்கள். தராசைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். நிறுக்கிற நேரம் மின்விசிறியை நிறுத்தச் சொல்கிற கடைகளும் உண்டு. பவுன் என்றால் எட்டுக் கிராம். அதற்குக் கீழே மில்லிகிராம் வரை பார்ப்பார்கள். ஒரு காலத்தில் மஞ்சாடியும் குன்றிமணியும் வைத்து நிறுத்த தெரு அது. அதே தெருவுக்குப் பின்னால் குடியிருந்த எங்கள் ஆச்சி, அறுபது வருசம் சமைத்தவர், தன் வாழ்நாளில் ஒரு பிடி அரிசியைக்கூட நிறுத்துப் பார்த்ததில்லை. பேணியால் அள்ளுவார், உள்ளங்கையில் கொட்டிப் பார்ப்பார், உப்பை மூன்று விரலால் எடுப்பார். 

இதை அறியாமை என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. பொன் விலை கூடினது, அளவில் சிறியது, அதை நிறுக்கிறார்கள். நெல்லும் அரிசியும் குவியலாக வருகிறது, நூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள், அதை முகந்து போடுவதுதான் வேகம். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகளைப் பார்த்தால், பொன்னை நிறுத்த கல்லுக்கும் 'ஆடவல்லான்' என்று பெயர், நெல்லை அளந்த மரக்காலுக்கும் 'ஆடவல்லான்' என்றுதான் பெயர். ஒரே கோயில், ஒரே பெயர், ஆனால் ஒன்று நிறை, மற்றது கனவளவு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாமல் ஆயிரம் வருசத்துக்கு முன்பே எங்கள் ஆட்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். குழப்பம் எங்கள் காலத்தில்தான் தொடங்கியது.

அது தொடங்கின இடம் பங்கீட்டு அரிசி கொடுத்த கூப்பன் கடை என்பது என் கட்சி.

இங்கே அறுபதைத் தாண்டியவர்கள் பாதிப்பேர் இருக்கிறீர்கள். உங்களுக்குக் கூப்பன் புத்தகம் ஞாபகம் இருக்கும். அதில் அரிசிக்குக் கணக்கு கொத்து. கொத்து என்பது பெயரளவில் ஒரு பாத்திரம். முகந்து, தலைதட்டி, பைக்குள் கொட்டுகிற பாத்திரம். ஆனால் அரசாங்கத்தின் கணக்குப் புத்தகத்தில் ஒரு கொத்து அரிசி என்றால் இரண்டு இறாத்தல். அதாவது பெயர் முகத்தல் அளவையின் பெயர், உள்ளே இருப்பது நிறுத்தல் அளவை. நாடு முழுக்க, ஒரு சத்தமுமில்லாமல், கனவளவு நிறையாக மாறிவிட்டது. நாம் கவனிக்கவே இல்லை.

கொத்து இந்த நாட்டில் சும்மா ஒரு சமையலறைச் சொல் இல்லை. 1953ஆம் ஆண்டு கொத்தரிசி 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏறியபோது ஓகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் வெடித்தது. அன்றைக்கு அமைச்சரவை கூடினது இந்தத் துறைமுகத்தில் நின்ற 'நியூஃபவுண்ட்லாந்து' என்ற பிரித்தானியப் போர்க்கப்பலில். இங்கிருந்து கூப்பிடு தூரம். கொஞ்ச நாளில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவியை விட்டார். பிறகு 1966இல் அவருடைய பிந்திய ஆட்சியில் கூப்பன் அரிசி இரண்டு கொத்திலிருந்து ஒரு கொத்தாகக் குறைந்தது. 1970 தேர்தலில் இரண்டு கொத்தும் திரும்பக் கிடைக்கும், சந்திரனிலிருந்தாவது கொண்டுவந்து தருவோம் என்று பேச்சு அடிபட்டது. மனிதன் சந்திரனில் கால் வைத்து ஒரு வருசம்கூட ஆகாத நேரம்.

இந்தச் சந்திரன் கதையை வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நான் ஒரு கேள்வி கேட்பேன். சந்திரனில் கூப்பன் கடை திறந்தால் கொத்தால் அளந்து தரச் சொல்வீர்களா, தொங்குகிற வில்தராசில் நிறுத்துத் தரச் சொல்வீர்களா? அங்கே ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கு. வில்தராசில் இரண்டு இறாத்தல் காட்ட ஆறு மடங்கு அரிசி போடவேண்டும். நமக்கு இலாபம். கொத்தோ எங்கே கொண்டுபோனாலும் அதே கொத்து. பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் கனவளவுக்கும் நிறைக்கும் உள்ள வித்தியாசம் அதற்குப் பிறகு மறக்காது.

சரி, கணக்குக்கு வருவோம். நாலு சுண்டு ஒரு கொத்து. முப்பத்திரண்டு கொத்து ஒரு புசல். புசல் என்பது ஆங்கிலேயர் கொண்டுவந்த பாத்திரம், 36.37 லீற்றர். அதை 32ஆல் பிரியுங்கள், கொத்து 1.137 லீற்றர் வரும். அதை நாலால் பிரியுங்கள், சுண்டு 284 மில்லிலீற்றர். 

இப்போது ஒரு வேடிக்கை பாருங்கள். அரிசி கொத்துக்கு இரண்டு இறாத்தல் என்றால் புசலுக்கு 64 இறாத்தல், ஏறக்குறைய 29 கிலோ. ஆனால் அநுராதபுரத்திலோ மட்டக்களப்பிலோ கமக்காரரைக் கேளுங்கள், ஒரு புசல் நெல் 46 இறாத்தல் என்பார், அதாவது 20.9 கிலோ. பாத்திரம் அதேதான். நெல்லுக்கு 46, அதை உடைத்தெடுத்த அரிசிக்கு 64. உமி பாரம் குறைந்தது, அதோடு நெல் முள்ளும் முனையுமாக ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கிடக்கிறது, இடையில் காற்று நிறைய. அரிசி வழுக்கி வழுக்கி நெருக்கமாகப் படுக்கிறது. அப்படிப் படுத்தும்கூட, ஒரு சுண்டு அரிசியில் பத்தில் நாலு பங்குக்கு மேல் காற்றுத்தான். அரிசி மணியைத் தனியாக எடுத்தால் அது தண்ணீரை விட ஒன்றரை மடங்குக்குக் கிட்டப் பாரம், தண்ணீரில் போட்டால் அடியில் போகும். ஆனால் சுண்டு நிறைய அரிசி, சுண்டு நிறைய தண்ணீரை விடப் பாரம் குறைவு. நாம் காசு கொடுத்து அளக்கிறது பாதி அரிசியை, பாதி வெறுமையை.

இனி தராசைப் போடுகிறேன். பின்னால் இருப்பவர்களுக்கு இலக்கம் தெரியாது, நான் வாசிக்கிறேன். 

வெறும் சுண்டை வைத்து சைபராக்கினேன். தண்ணீர், விளிம்பு வரை: 284. தண்ணீருக்கு ஒரு மில்லிலீற்றர் ஒரு கிராம், ஆகவே இந்தச் சுண்டு நேர்மையான சுண்டு. துடைத்துவிட்டு, சம்பா அரிசி, தலைதட்டி: 231. கூப்பன் கணக்குப்படி 227 வரவேண்டும், பரவாயில்லை, நாலு கிராம் என்னிடம் கூடுதலாக வந்துவிட்டது. பாஸ்மதி என்றால் இன்னும் கொஞ்சம் குறையும், நீள மணி அவ்வளவு நெருங்காது. சீனி: 242. 

கோதுமை மா. இதுதான் நான் இன்று உங்களை வரச் சொன்னதற்கே காரணம், பார்த்துக்கொள்ளுங்கள். அரித்து, கரண்டியால் மெதுவாகத் தூவி நிரப்பி, கத்தியால் தலைதட்டினேன்: 138. கொட்டிவிட்டு, சுண்டை மாப்பைக்குள் விட்டு அள்ளித் தலைதட்டினேன்: 168. மறுபடி கொட்டிவிட்டு, அள்ளி, மேசையில் நாலு தட்டுத் தட்டி, இடம் விட்டதை நிரப்பித் தலைதட்டினேன்: 196.

ஒரே சுண்டு. ஒரே மா. ஒரே கை. 138க்கும் 196க்கும் நடுவில் 58 கிராம். அது கேக்கை மென்மையாக்கவும் போதும், செங்கல்லாக்கவும் போதும்.

அரிசியை எப்படி அள்ளினாலும் ஐந்து பத்துக் கிராமுக்கு மேல் ஆடாது. சீனியும் அப்படியே. மா மட்டும் இப்படி ஆடும், ஏனென்றால் அது காற்றைப் பிடித்து வைத்திருக்கும். பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் நாம் செய்கிற அவித்த மாவை நினைத்துப் பாருங்கள். கோதுமை மாவைத் துணியில் கட்டி அவித்து, கட்டியானதை உடைத்து, சுடச்சுட அரிக்கிறோம். அரித்த கையோடு அளந்தால் ஒரு அளவு, டப்பாவில் ஒரு கிழமை கிடந்து அமுங்கின பிறகு அளந்தால் வேறு அளவு. வறுத்த அரிசிமா வேறு, பயத்தம் மா வேறு. வீட்டில் திரித்ததா மில்லில் திரித்ததா என்பதிலும் தங்கியிருக்கிறது. 'மா ஒரு சுண்டு' என்று மட்டும் எழுதி வைத்தால், எழுதினவருடைய கையையும் சேர்த்து அனுப்பினால்தான் அது உதவும்.

எங்கள் வளவில் அளவுக்கு இன்னொரு சிக்கல் இருந்தது. ஆச்சி திருநெல்வேலிப் பக்கம். அவருக்கு ஆழாக்கும் உழக்கும்தான் வாயில் வரும். பக்கத்து வீட்டு அக்கா வடமராட்சி, சுண்டு, கொத்து. இரண்டு பேரும் சுவருக்கு மேலால் சமையல் குறிப்பு மாற்றிக்கொள்வார்கள். பட்டணம் படிக் கணக்கில் ஆழாக்கு 168 மில்லிலீற்றர், படியில் எட்டில் ஒன்று. சுண்டு 284. ஒன்று மற்றதில் பாதியை விடக் கொஞ்சம் கூட. எத்தனை பாயாசம் அந்தச் சுவரைத் தாண்டும்போது கெட்டியாகிப் போயிருக்கும் என்று யோசிக்கிறேன். உண்மையில் ஒன்றும் கெடவில்லை, ஏனென்று பிறகு சொல்கிறேன்.

இன்றைக்கு அந்த இரண்டோடு இன்னும் நாலு சேர்ந்துவிட்டது. அமெரிக்கன் கப் 237 மில்லிலீற்றர். அவுஸ்திரேலியாக்காரர் கப் 250. சோறு ஆக்குகிற மின்சாரக் குக்கரோடு வருகிற பிளாஸ்டிக் கப் 180, அது யப்பான்காரருடைய பழைய 'கோ' என்கிற அளவு. தேநீர் குடிக்கிற கோப்பை, அது கடைக்காரர் மனம்போல. மேசைக்கரண்டி பெரும்பாலான நாடுகளில் 15 மில்லிலீற்றர், அவுஸ்திரேலியாவில் மட்டும் 20. மெல்பனில் இருக்கிற சொந்தக்காரர் 'மூன்று மேசைக்கரண்டி மிளகாய்த்தூள்' என்று சொன்னால் அது இங்கே நாலு. நம்பி மூன்றே போட்டுவிட்டு உறைப்புக் காணாது என்று சொல்லாதீர்கள். தலைதட்டின கப், தலைதட்டின கரண்டி என்று கண்டிப்பாக அளக்கச் சொல்லி, அந்த வழக்கத்தைப் புத்தகம் மூலம் அமெரிக்காவில் பரப்பியவர் பொஸ்ரனில் சமையல் பாடசாலை நடத்திய ஃபேனி ஃபார்மர், 1896இல். நாம் தலைதட்டி அளந்தது அதற்கெல்லாம் எவ்வளவோ முந்தி. அவர் எழுதிவைத்தார், நாம் எழுதிவைக்கவில்லை.

கொழும்பு வீடுகளில் ஒரு விசித்திரம் கவனித்திருக்கிறீர்களா? பலகாரம் சுண்டில், கேக் இறாத்தலில். அதே அம்மா, அதே குசினி. முறுக்குக்கு நிறுக்கமாட்டார். லவ் கேக் என்றால் ரவை, கஜு, சீனி எல்லாம் இறாத்தல், அவுன்ஸ். முட்டை எண்ணிக்கை. காரணம், முறுக்கு கையோடு வந்தது, கேக் புத்தகத்தோடு வந்தது. 1929இல் ஹில்டா டியூட்ரம் தொகுத்து வெளிவந்த 'சிலோன் டெய்லி நியூஸ்' சமையல் புத்தகம் கொழும்பில் எத்தனையோ வீட்டில் அட்டை கிழிந்து கிடக்கும். அந்த மாதிரிப் புத்தகங்களிலிருந்து எடுத்த கேக் இன்றைக்கும் வரும். கிழவிமார் கையிலிருந்து எடுக்கத் தவறிய பலகாரம் போய்விட்டது. எங்கள் ஆச்சி செய்த ஒரு அதிரசம் எங்கள் குடும்பத்தில் இப்போது யாருக்கும் வராது. பாகுப் பதம் தெரியும் என்று நினைத்திருந்தோம், அரிசி எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்று தெரியும், அவருடைய பேணி எவ்வளவு என்று மட்டும் தெரியாமல் இருந்தது. அந்தப் பேணி மேசையில்தான் இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

சுவரைத் தாண்டின பாயாசம் ஏன் கெடவில்லை என்று சொல்ல மறக்கக்கூடாது. 'உளுந்து ஒன்றுக்கு அரிசி மூன்று' என்றால் ஆழாக்கால் அளந்தாலும் சுண்டால் அளந்தாலும் சிரட்டையால் அளந்தாலும் தோசை ஒன்றுதான். எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தால் அளக்கிற வரை பாத்திரம் எவ்வளவு பெரிதென்பது தேவையே இல்லை. இதில் முகத்தல் அளவை தராசை விடக் கெட்டிக்காரத்தனமானது. தராசு தேவையில்லை, படிப்பு தேவையில்லை, உலகத்தில் எங்கேயும் ஒரு கிண்ணம் கிடைக்கும். 

அப்படியென்றால் ரொறன்ரோவில் என் மருமகளுக்குப் பணியாரம் ஏன் பிழைத்தது? ஆமாம், பிழைத்தது, உருண்டை எண்ணெய்க்குள் விரிந்துபோயிற்று. அவள் சுண்டைக் குற்றம் சொன்னாள். நான் தாளைத் திரும்ப வாசிக்கச் சொன்னேன். 'பயத்தம் மா இரண்டு சுண்டு, சீனி ஒரு சுண்டு, தேங்காய் ஒன்று.' அவள் அமெரிக்கன் கப்பால் மாவையும் சீனியையும் அளந்திருக்கிறாள், அது சரியாகத்தான் வந்திருக்கும், விகிதம் மாறாது. பிறகு தேங்காய் ஒன்றுக்குப் பதில் உறையவைத்த தேங்காய்ப்பூ ஒரு பக்கற் முழுவதையும் கொட்டிவிட்டாள். பாத்திரம் சிறியது, தேங்காய் பெரியது. அதிலும் ஈரம் வேறு. எழுதிக் கொடுத்த எனக்குத்தான் அடி விழவேண்டும். ஒரு தாளில் கனவளவையும் எண்ணிக்கையையும் கலந்து எழுதினால் பாத்திரம் மாறின உடனே விகிதம் குலையும். முட்டை, தேங்காய், பக்கற், 'ஒரு கட்டு', 'ஒரு கை' எல்லாம் அப்படித்தான். இனிமேல் தேங்காய்ப்பூ எத்தனை கிராம் என்றுதான் எழுதுவேன்.

விற்கிற உங்களுக்கு இது ருசிக் கதை மட்டுமில்லை. பாணை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் இன்னும் 'இறாத்தல் பாண்' என்றுதான் கேட்கிறோம். இறாத்தல் 453 கிராமும் சொச்சமும். 2024 பெப்ரவரியில் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை வர்த்தமானி போட்டு, முழுப் பாண் 450 கிராம் இருக்கவேண்டும், குறைந்தால் 13.5 கிராமுக்கு மேல் குறையக்கூடாது, அரைப் பாண் 225 கிராம் என்று சொல்லிவிட்டது. பாணைக் கண்ணால் பார்த்து வாங்கினால் பொங்கினது பெரிதாகத் தெரியும், உள்ளே காற்று. நம்முடைய முறுக்குப் பக்கற்றும் அப்படித்தான். பை நிறைந்திருக்கிறது என்பதற்காக விலை சொல்லாதீர்கள், நிறுத்துப் போட்டு ஒட்டுங்கள். வாங்குகிறவர் வீட்டில் இப்போது தராசு இருக்கிறது.

ஆனால் தராசுப் பைத்தியமும் பிடிக்கவேண்டாம். வீட்டுத் தராசு ஒவ்வொரு கிராமாகத்தான் படிக்கும். இரண்டு கிராம் ஏலத்தூளை அதில் நிறுத்தால் ஒன்றரையும் இரண்டரையும் அதற்கு ஒன்றுதான். மஞ்சள், ஏலம், அப்பச் சோடா, ஈஸ்ட் கொஞ்சமாக என்றால் தேக்கரண்டியே நல்லது. அல்லது செட்டியார் தெருவில் போய் நிறுத்துக்கொண்டு வாருங்கள், சிரிப்பார்கள். உப்பு மட்டும் கவனம். தூள் உப்பு ஒரு தேக்கரண்டி ஆறு கிராம் அளவில் வரும், கட்டி உப்பு அதை விடக் குறையும். ஊறுகாய் போடுகிறவர்கள் உப்பை நிறுத்தே போடுங்கள். எண்ணெய், பால், தண்ணீரை மில்லிலீற்றரில் அளந்தால் போதும், அவை காற்றைப் பிடித்துவைப்பதில்லை. தேங்காயெண்ணெய் மட்டும் நூறு மில்லிலீற்றருக்கு 92 கிராம், அது தண்ணீரில் மிதக்கிறது என்பதை நினைவில் வைத்தால் போதும். கித்துள் பாணி எதிர்ப்பக்கம், பாரம் கூட. அதைக் கப்பில் அளந்தால் பாதி கப்பிலேயே ஒட்டிக்கொள்ளும். சட்டியைத் தராசில் வைத்து நேரே அதற்குள் ஊற்றுங்கள், கழுவுகிற வேலையும் மிச்சம்.

இனி ஆச்சியின் பேணி.

பதினாலு அவுன்ஸ் டின்பால் பேணி. மேல் தகட்டை வெட்டி, விளிம்பைச் சுத்தியலால் தட்டி மழுக்கி வைத்திருக்கிறார். அந்தக் காலத்தில் சுண்டு இல்லாத வீட்டிலும் இது இருந்தது. அதற்குள் பால் இருந்தபோது நிறை 397 கிராம் என்று தகரத்தில் போட்டிருக்கும். இப்போது தண்ணீர் நிரப்பினால் வாசிக்கிறேன் பாருங்கள், 292. அதே பேணி, பாலுக்கு 397, தண்ணீருக்கு 292. புதுப்பேணி என்றால் முந்நூறைத் தாண்டும். இதில் வயிற்றுப் பக்கம் ஒரு நசுங்கல் இருக்கிறது. எப்போது விழுந்ததென்று எனக்குத் தெரியாது, ஆனால் என் சின்ன வயதிலேயே இருந்தது. ஆகவே ஆச்சியின் அதிரசத்தின் அளவு நசுங்கின பேணியின் அளவு. ஒரு முறை என் மகன் இரக்கப்பட்டு அதை நிமிர்த்தப் போனான், கையைத் தட்டிவிட்டேன்.

பச்சரிசி ஊறவைத்து, வடித்து, நிழலில் உலர்த்தி, இடித்து, அரித்த ஈர மாவை இந்தப் பேணியால் அள்ளி ஆச்சி ஒரு தரம் தட்டுவார். ஒரு தரம்தான், எனக்குக் கண்ணில் நிற்கிறது. அப்படிச் செய்து போன மாதம் நிறுத்துப் பார்த்தேன், மூன்று முறை. 170, 174, 171. சர்க்கரையைத் தூளாக்கி அதே மாதிரிப் போட்டு நிறுத்தேன். எழுதிவைத்திருக்கிறேன். அதிரசம் இன்னும் ஆச்சியுடையது மாதிரி வரவில்லை, ஆனால் இப்போது பிழை பாகில்தான் என்று தெரியும். முந்தி அதுகூடத் தெரியாது.

உங்களுக்கு நான் சொல்கிற வேலை இவ்வளவுதான். இணையத்தில் 'ஒரு கப் மா 120 கிராம்' என்று பட்டியல் இருக்கிறது, அதைக் கொண்டுவந்து உங்கள் அம்மாவின் பேணிக்கு ஒட்டாதீர்கள். அது வேறு கப், வேறு மா, வேறு கை. அம்மாவையோ மாமியாரையோ கூப்பிட்டு, அவர் வழக்கமாக அள்ளுகிற மாதிரி அள்ளச் சொல்லி, நீங்கள் தராசில் போடுங்கள். மூன்று தரம். தராசு என்று சொன்னால் சில பேர் வெட்கப்பட்டுக் கவனமாக அள்ளத் தொடங்கிவிடுவார்கள், ஆகவே தராசைக் கண்ணில் காட்டாமல் பக்கத்து மேசையில் வையுங்கள். ஒரு அட்டையில் பேணிக்குத் தண்ணீர் எவ்வளவு, அரிசி எவ்வளவு, மா அரித்ததா அள்ளினதா, அது எவ்வளவு என்று எழுதி, சமையல் குறிப்போடு சேர்த்துக் குத்திவையுங்கள். பேணி துருப்பிடித்துப் போனாலும் அட்டை இருக்கும்.

கேள்விகள் பிறகு. இன்று பேணி, சுண்டு, சிரட்டை, கிண்ணம் கொண்டுவரச் சொல்லியிருந்தேன், நிறையப் பேர் பையில் கொண்டுவந்திருப்பது தெரிகிறது. வரிசையாக இந்தப் பக்கத்தால் வாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் முதலில் துடைத்துவிடுங்கள், ஒரு துணி கதவடியில் தொங்குகிறது.